புது வீட்டுக்குத் தீத் தெளிப்பான் கட்டாயமா?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளிநொச்சி

கேள்வி: வணக்கம் மிஸ். ஸ்கந்தபுரத்தில் மேல்மாடியோடு ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். காசு அனுப்புவது வேல்ஸ் நாட்டில் கார்டிஃபில் இருக்கும் அண்ணா. “இங்கே புது வீடு என்றால் சீலிங்கில் ஸ்பிறிங்ளர் இல்லாமல் கட்ட விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் போடு” என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மேசன் “அது கொழும்பு ஹோட்டல்களுக்குப் போடுகிற சாமான், வீண் செலவு” என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஸ்கந்தபுரம்

பதில்: அண்ணா சொன்னது உண்மை. வேல்ஸில் ஆன் ஜோன்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 2011இல் நிறைவேறியது. 2016 ஜனவரியிலிருந்து அங்கே கட்டப்படும் புது வீடுகளுக்கெல்லாம் ஸ்பிறிங்ளர், அதாவது தெளிப்பான், கட்டாயம். ஒரு நாடு முழுவதற்கும் இப்படி விதி வைத்தது வேல்ஸ்தான் முதலில். ஸ்கொட்லாந்தில் 2021 மார்ச்சிலிருந்து புதிய தொடர்மாடி வீடுகளுக்கும் சமூக வீடமைப்பு வீடுகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிக்கோவை 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைச் சேர்த்தது. கலிபோர்னியாவும் மேரிலாந்தும் மாநிலம் முழுவதற்கும் ஏற்றுக்கொண்டன. வேறு பல மாநிலங்களில், வீட்டின் விலை ஏறிவிடும் என்று கட்டி விற்பவர்கள் எதிர்த்து நின்று தடுத்துவிட்டார்கள். எங்கள் நாட்டில் சாதாரணக் குடும்ப வீட்டுக்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆகவே உங்கள் வரைபடம் இதற்காகச் சபையில் நிற்காது.

அதற்காக மேசன் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மெத்தை, சோபா, துணி அலுமாரி எல்லாம் உள்ள இன்றைய அறை ஒன்று ஐந்து நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிவிடக் கூடியது. பழைய பருத்திப் பஞ்சு மெத்தையும் மரக் கதிரையும் அவ்வளவு வேகமாக எரியாது. இப்போது நாங்கள் வாங்குவதெல்லாம் நுரை, அது பெற்றோலிய எண்ணெயில் பிறந்த சாமான். கிளிநொச்சியிலிருந்து தீயணைப்பு வண்டி வெளிக்கிட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடைவெளியில் வீட்டுக்குள்ளேயே நின்று வேலை செய்யக்கூடியது தெளிப்பான் ஒன்றுதான். அமெரிக்கத் தரவுகளின்படி, தெளிப்பான் உள்ள வீடுகளில் தீயால் சாகும் விகிதம் இல்லாத வீடுகளை விட 80 வீதத்துக்கு மேல் குறைவு. ஆகவே இதை ஆடம்பரம் என்று தள்ள என்னால் முடியாது.

ஆனால் அந்தச் சாமான் எந்த மாதிரி வீட்டை நினைத்துச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அது திறப்பது வெக்கையில். வெக்கை மேலே போய், தட்டையான சீலிங்கில் முட்டி, பக்கவாட்டில் பரவி, அங்கே பொருத்தியிருக்கும் தெளிப்பான் தலையைச் சூடாக்க வேண்டும். சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் வெக்கையும் புகையும் முகட்டுக்கு ஏறி, ஓட்டு இடைவெளியால் வெளியே போய்க்கொண்டிருக்கும். தலை திறக்கும்போது கீழே கட்டில் எரிந்து முடிந்திருக்கும். உங்கள் கீழ்மாடிக்கு மேலே பிளாட், அதாவது கொங்கிறீற் தட்டு வரும், அது நல்லது. மேல்மாடிக்கு என்ன கூரை என்று நீங்கள் எழுதவில்லை. சீற் போட்டுச் சீலிங் அடிக்காமல் விடுவதாக இருந்தால் மேலே தெளிப்பான் சரிவராது. பாதி வீட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கவும் முடியாது.

வெயிலும் ஒரு விஷயம். அண்ணா அங்கிருந்து தலைகளை வாங்கி அனுப்பினால் அநேகமாகச் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் வைத்த தலைதான் வரும்; வெக்கையில் அந்தக் குமிழ் உடைந்தால்தான் தண்ணீர் வரும். அது 68 பாகையில் உடைவது, சீலிங் வெப்பம் 38 பாகைக்கு மேல் போகாத இடத்துக்குரியது. பங்குனி, சித்திரை மதியத்தில் எங்கள் மேல்மாடிச் சீலிங் அந்தக் கணக்கைச் சும்மா தாண்டும். மேலே மஞ்சள் அல்லது பச்சைக் குமிழ் கேளுங்கள். மஞ்சள் 79 பாகை, பச்சை 93 பாகை. கீழே சிவப்பு போதும்.

என் முடிவு இதுதான்: மேல்மாடிக்கும் தட்டையான சீலிங் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அண்ணாவின் பேச்சைக் கேளுங்கள், முழு வீட்டுக்கும் போடுங்கள். மேலே படுப்பவர்களுக்கு இறங்க ஒரே வழி படிக்கட்டு. கீழே நெருப்பு என்றால் புகை ஏறுவதும் அதே படிக்கட்டால்தான். அமெரிக்காவில் 2013இல் செய்த ஓர் ஆய்வு, தெளிப்பானுக்குச் சதுர அடிக்குச் சராசரி 1.35 டொலர் செலவு என்றது. அந்தக் கணக்கை இங்கே பெருக்கிப் பார்க்காதீர்கள். தலை இறக்குமதி, பொருத்தத் தெரிந்த ஆளையும் வெளியிலிருந்துதான் கூப்பிட வேண்டியிருக்கும். ஆனாலும் பிளாட் கொங்கிறீற் போடுவதற்கு முன் பைப் வழியை ஒதுக்கிவிட்டால் வேலை பாதியளவு தலையிடியோடு முடியும். கட்டி முடித்த பிறகு உடைத்துப் போடுவதென்றால் நானே வேண்டாம் என்பேன்.

கேள்வி: இந்த ஸ்பிறிங்ளர் வீட்டில் இருந்தால், சாமி அறையில் கற்பூரம் கொளுத்தினாலே வீடு முழுவதும் மழை பெய்யும் என்கிறார்களே? படங்களிலும் அப்படித்தானே காட்டுகிறார்கள்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: படத்தில் காட்டுவது பொய். கச்சான் தோட்டத்தில் மோட்டரைப் போட்டதும் எல்லாத் தலையும் ஒன்றாகச் சுழலுமே, அது போல இது வேலை செய்வதில்லை. ஒவ்வொரு தலைக்குள்ளும் இரண்டு நெல்மணி நீளத்தில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே நிறமான திரவம், அதில் சின்னதாக ஒரு காற்றுக் கொப்புளம். வெக்கை ஏற ஏறத் திரவம் பெருத்து, கொப்புளம் மறைந்து, கண்ணாடி வெடிக்கும். அதுவரை அடைத்து வைத்திருந்த மூடி கழன்று விழ, தண்ணீர் வரும். வெடித்த தலையில் மட்டும்தான் வரும். பக்கத்து அறைத் தலை சும்மா இருக்கும். புகைக்குத் திறக்காது, ஊதுபத்திக்கும் கற்பூரத்துக்கும் திறக்காது. தோசைச் சட்டிப் புகைக்கும் திறக்காது.

கேள்வி: எங்கள் வீட்டில் 20 அடி இரும்பு ஸ்ராண்டில் 1000 லீற்றர் தாங்கி இருக்கிறது. அதிலிருந்தே ஒரு லைன் எடுத்து ஸ்பிறிங்ளருக்குக் கொடுத்தால் போதும் என்று பைப் வேலை செய்யும் தம்பி சொல்கிறார். போதுமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தாங்கி நிரம்பியிருந்தால் தண்ணீரின் அளவு போதும், அழுத்தம் போதாது.

வீட்டுத் தெளிப்பான் தலை ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 லீற்றர் ஊற்றும் என்று வையுங்கள். இரண்டு தலை ஒன்றாகத் திறந்து பத்து நிமிடம் ஓட வேண்டும் என்பது அமெரிக்க வீட்டு விதியின் கணக்கு. இரண்டு தரம் 50, பத்து நிமிடம், சரியாக 1000 லீற்றர். அதாவது உங்கள் தாங்கி நிரம்பியிருந்தால் கணக்கு ஒத்துவரும். ஆனால் காலையில் குளித்து, உடுப்புத் தோய்த்து, பூக்கன்றுக்கு ஊற்றி முடிந்த பின் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? அதனால் வீட்டுப் பாவனைக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயைத் தாங்கியின் அடியில் வைக்காமல் மேலே உயர்த்தி வைத்து, கீழ்ப்பகுதித் தண்ணீரைத் தெளிப்பானுக்கென்றே விட வேண்டும். அதற்கு 1000 லீற்றர் தாங்கி காணாது, 2000 லீற்றர் வாங்குங்கள்.

இனி அழுத்தம். தலைக்கு ஆகக் குறைந்தது அரை பார் அழுத்தம் வேண்டும். தண்ணீர் பத்து மீற்றர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார். அப்படியானால் அரை பாருக்கு, தலையிலிருந்து ஐந்து மீற்றர் மேலே தாங்கி நிற்க வேண்டும். பைப்பிலும் வளைவுகளிலும் உரசிப் போகிற இழப்பு அதற்கு மேலதிகம். உங்கள் 20 அடி ஸ்ராண்ட் தரையிலிருந்து ஆறு மீற்றர். சீலிங் தரையிலிருந்து மூன்று மீற்றர். ஆக, மிஞ்சுவது மூன்று மீற்றர்தான். குமிழ் உடைந்தாலும் தண்ணீர் விசிறி அடிக்காது, ஒழுகும்.

ஆகவே அழுத்த மோட்டர் ஒன்று வேண்டும். அதன் கரண்ட் லைன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். நெருப்புப் பிடித்தால் முதலில் வயர் உருகும், ட்ரிப் சுவிச் விழும், வீடு இருளும். மோட்டரும் அதே லைனில் இருந்தால் அதுவும் நின்றுவிடும். அதற்குத் தனி லைன், தனி பாதுகாப்புச் சுவிச் வைத்து, அனுமதிப் பத்திரம் உள்ள வயர்மனைக் கொண்டு பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வசதி இருந்தால் பெற்றோலில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

கிணற்று மோட்டருக்குப் போடும் சாதாரண பிவிசி பைப்பைச் சீலிங்கில் போடாதீர்கள், வெக்கைக்கு இளகிவிடும். தெளிப்பானுக்கென்றே வரும் சிபிவிசி பைப் இருக்கிறது, இல்லையென்றால் ஜீஐ. அதோடு எங்கள் வன்னித் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம் பைப்புக்குள்ளும் படியும். தலையின் துளையோ ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லைன் கடைசியில் ஒரு வால்வு வைத்து, வருடத்துக்கு இரண்டு தரமாவது திறந்து ஓடவிட்டு, வருகிற தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தாங்கிக்குப் பிறகு ஒரு வடிகட்டியும் போடுங்கள். இதையெல்லாம் செய்யத் தயாரில்லை என்றால் தெளிப்பானைப் போடாமலே விடுங்கள். வேலை செய்யாத தெளிப்பான் இருக்கிறது என்று நம்பிப் படுப்பது, இல்லை என்று தெரிந்து கவனமாக இருப்பதை விட ஆபத்து.

கேள்வி: வேல்ஸ் போல எங்கள் மாகாணத்திலும் புது வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எங்கள் சனசமூக நிலையத்தில் பேச்சு வந்தது. உங்கள் அபிப்பிராயம் என்ன?
– வாசகர், வவுனியா

பதில்: தனி வீடுகளுக்கு வேண்டாம். இதை நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

மீள்குடியேறி வந்தபோது எங்கள் சனம் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் வீடு கட்டியது. அந்தக் காசு காணாமல் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்டவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பல வீடுகள் இன்னும் பூச்சு இல்லாமல், சீலிங் இல்லாமல், உள்கதவு இல்லாமல் நிற்கின்றன. அவர்களிடம் போய்ச் சீலிங் அடி, மோட்டர் வை, தலை இறக்குமதி செய் என்று சட்டம் சொன்னால், ஒன்று அவர்கள் அனுமதி எடுக்காமல் கட்டுவார்கள், அல்லது தகரக் கொட்டிலிலேயே இருந்துவிடுவார்கள். கொட்டிலும் கிடுகுக் குசினியும்தான் உள்ளதில் வேகமாக எரிவது.

எங்கே கட்டாயமாக்கலாம் என்று கேட்டால் உடனே சொல்வேன்: முதியோர் இல்லம், சிறுவர் இல்லம், மாணவர் விடுதி, லொட்ஜ், இரண்டு மாடிக்கு மேற்பட்ட எந்தக் குடியிருப்பும். தானாக எழும்பி ஓட முடியாதவர்களும், கட்டடத்தின் வழி தெரியாதவர்களும் படுக்கிற இடங்கள் இவை. வவுனியாவில் படிக்க வந்த பிள்ளைகளை ஓர் அறைக்கு ஆறு பேராக அடைத்து, ஒரே படிக்கட்டு வைத்து வாடகை எடுக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே செலவு பார்க்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போது கிளிநொச்சியில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வர வேண்டியிருந்தது. அறுபது கிலோமீற்றருக்கு மேல். கடைகள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு பிரதேச சபைக்கும் ஒரு வண்டியும் ஓட்டத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்று கேட்பதில் உங்கள் சனசமூக நிலையம் முன்னுக்கு நிற்கட்டும்.

தனி வீடுகளுக்குச் சட்டம் வேண்டும் என்றால் அது ஜன்னல் கிறிலில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படுக்கை அறையிலும் உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒரு கிறில், படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் ஒரு புகை அலாரம், வேலை செய்கிற ட்ரிப் சுவிச். வரைபடத்தில் ஒப்பம் வைக்கும்போதே முதலாவதைப் பார்த்துவிடலாம். வீடு முடிந்து சான்றிதழ் கேட்டு வரும்போது மற்ற இரண்டையும் பார்க்கலாம். கட்டுகிறவருக்குப் பெரிய செலவு இல்லை. சபைக்கும் புதிதாக ஆள் எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: அம்மாவும் நானும் என் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீடு. கள்ளர் பயத்தில் எல்லா ஜன்னலுக்கும் கிறில் அடித்து, முன் கதவுக்கு உள்பக்கம் ஆமைப்பூட்டும் போட்டுப் படுக்கிறோம். போன இதழில் நீங்கள் கிறில் ஆபத்து என்று ஒரு வரி எழுதியதைப் பார்த்த பிறகு நித்திரை இல்லை. கழற்றிவிடவா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: கழற்ற வேண்டாம் தங்கச்சி. ஆம்பிளை இல்லாத வீட்டில் கிறில் தரும் தைரியம் எனக்குத் தெரியும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு கிறிலைத்தான்.

சபையில் இருந்த காலத்தில் எரிந்த வீடொன்றைச் சேத மதிப்பீட்டுக்காகப் பார்க்கப் போனேன். தாயும் மகளும் இருந்த வீடு. மகளின் கட்டிலுக்குப் பின்னால், மல்ரி பிளக் ஒன்றில் இன்னொரு மல்ரி பிளக் செருகி, ஃபானும் போன் சார்ஜரும் ஓடியிருக்கின்றன. அந்த இடத்துச் சுவர் மட்டும் பூச்சு கழன்று செங்கல் தெரிந்தது. கரண்ட் போய் இருட்டு. பூட்டின் திறப்பைத் தாய் தலையணைக்குக் கீழே வைத்தது நினைவில் இருந்தும் கையில் அகப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அலவாங்கோடு வந்து ஜன்னல் கிறிலைக் கிளப்பி இருவரையும் இழுத்து எடுத்தார். அந்தக் கிறில் முற்றத்தில் கிடந்தது. அதன் நாலு காலையும் பார்த்தேன். மேசன் அவற்றைச் சுவருக்குள் இரண்டு அங்குலம்கூட இறக்கியிருக்கவில்லை, நுனியில் சீமெந்துத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை நேர்த்தியாக நடந்திருந்தால் அந்தக் கிறில் அசைந்திருக்காது. அந்த இருவரும் இன்று இருக்கமாட்டார்கள். அன்றிலிருந்து வரைபடத்தோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்டது “எந்தக் கிறில் திறக்கும்?” என்றுதான்.

நீங்கள் மூவரும் படுக்கும் அறையில், முற்றத்துப் பக்க ஜன்னலைத் தெரிவு செய்யுங்கள். கிறில் வேலை செய்பவரிடம் அதைக் கழற்றி, ஒரு பக்கம் இரண்டு பிணைச்சல் வைத்து, வெளியே திறக்கும் கதவு போலச் செய்யச் சொல்லுங்கள். மறுபக்கம் உள்ளிருந்து மட்டும் இழுக்கும் கனமான தாழ்ப்பாள். அதைச் சுற்றி ஒரு தகட்டை ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து கையை விட்டுத் திறக்க முடியாது. பூட்டு வேண்டாம், பூட்டு என்றால் திறப்பைத் தேட வேண்டும். திறக்கும் இடைவெளி 20 அங்குல அகலத்துக்கும் 24 அங்குல உயரத்துக்கும் குறையக் கூடாது, ஜன்னலின் அடிக்கட்டு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேலே இருக்கக் கூடாது. அமெரிக்க விதியில் உள்ள அளவு இது. 20க்கு 24 என்பது அந்தந்தப் பக்கத்துக்கான ஆகக் குறைந்த அளவு, இரண்டையும் சேர்த்துச் சின்னதாக வைத்துவிடாதீர்கள். திறக்கும் இடைவெளி மொத்தம் ஐந்து சதுர அடிக்கு மேல் வர வேண்டும். அம்மாவுக்கு ஏறக் கஷ்டம் என்றால் ஜன்னலடியில் எப்போதும் ஒரு வாங்கு கிடக்கட்டும்.

முன் கதவின் உள்பக்க ஆமைப்பூட்டை எடுத்துவிட்டு நல்ல தடித்த குறுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். அலாரம் வாங்கினால் புகையைக் கண்ணால் பார்ப்பது போலக் கண்டுபிடிக்கும் ஒளிமின் வகையைக் கேளுங்கள். குசினிக்குள் வேண்டாம், வீணாகக் கத்தும், பிறகு நீங்களே பற்றரியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள். சீலிங் இல்லாத வீடு என்றால் கட்டிலுக்கு மேலே வரும் வளையில் பொருத்துங்கள். மாதம் ஒரு முறை பொத்தானை அமத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். கிறிலைத் திறந்து இறங்கவும் பிள்ளைக்குப் பழக்குங்கள், இருட்டில் ஒரு தரமாவது.

கேள்வி: நெல் வெட்டு முடிந்து மூட்டைகளை ஹோலில் அடுக்கியிருக்கிறோம். இரவில் மோட்டார் சைக்கிளையும் உள்ளே ஏற்றுகிறோம். காஸ் சிலிண்டர் குசினிக்குள். இதில் எது ஆபத்து?
– வாசகர், மாங்குளம்

பதில்: மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே, வெளியேறும் வழியில் இருப்பதுதான் ஆபத்து. நெல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது, ஆனால் யூரியாப் பை சாக்கு பற்றும், உருகிச் சொட்டும். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் ஒழுகினால் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து சாமி விளக்குக்கோ நுளம்புத் திரிக்கோ போய்ச் சேரும். பெற்றோல் நெருப்புக்கு வீட்டுத் தெளிப்பான் இருந்தாலும் பெரிய உதவி இல்லை. மோட்டார் சைக்கிளை ஜன்னலுக்கு வெளியே சங்கிலி போட்டுப் பூட்ட ஒரு கொழுக்கி வையுங்கள், அதற்கு ஒரு தகரப் பத்தி இறக்குங்கள். தண்ணீர்ப் பம்புக்கு வாங்கும் மண்ணெண்ணெய்க் கானும் அங்கேயே போகட்டும். மூட்டைகளை எங்கே அடுக்கினாலும் அறைக் கதவிலிருந்து முன் கதவு வரை ஆள் ஓடும் அகலத்துக்கு வழி விட்டு அடுக்குங்கள்.

காஸ் காற்றை விடப் பாரமானது. ஒழுகினால் மேலே போகாது, தரையில் தேங்கும். 2021 கடைசியில் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தபோது எல்லோரும் சிலிண்டரைச் சந்தேகப்பட்டுப் பார்த்தோம், இப்போது மறந்துவிட்டோம். சிலிண்டரைக் குசினிச் சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி வையுங்கள். குழாயைச் சுவரில் ஒரு துண்டு பைப் வழியாக உள்ளே எடுங்கள். பழைய குழாயை மாற்றுங்கள். படுக்கப் போகுமுன் அடுப்பில் மட்டும் நிறுத்தாமல் சிலிண்டர் தலையிலும் நிறுத்துங்கள். மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து, சிலிண்டரை மூடி, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகு முற்றத்தில் நின்று 110க்கு அழையுங்கள்.